கூடின எடைக்கு ஆடு

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, கால்வாயின் இரு கரையிலுமாக இருந்த அந்த ஊரில் ஆண்டுதோறும் கொழுகொழு குழந்தைப் போட்டி நடக்கும். நடத்துவது ஊர் நற்பணி மன்றம். அதன் தலைவர் அரிசி ஆலை ஐயம்பெருமாள். பரிசு, குட்டியோடு ஒரு பால் ஆடு. ஐந்து வருடமாக அந்த ஆடு வடகரையை விட்டு நகர்ந்ததில்லை. ஏற்கெனவே நாலு பசு நிற்கிற தொழுவங்களுக்கே போய்ச் சேரும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அங்கே செவிலியராக வந்தாள் சாரம்மாள். பாளையங்கோட்டைக்காரி. வந்த வாரமே தென்கரைக்குப் போய், ஆப்பிள், முட்டை, பால், மீன் எல்லாம் வரைந்த படத்தை விரித்துப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினாள். நடவு வேலைக்குப் போகும் உலகம்மாள், மெலிந்த மகள் பேச்சியை இடுப்பில் வைத்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

“படம் நல்லாத்தான் இருக்கு நர்ஸம்மா. இதக் கரைச்சுக் குடுக்கவா, வேக வச்சுக் குடுக்கவா?”

கூட்டம் சிரித்தது. சாரம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படத்தைச் சுருட்டிவிட்டு, “சரி, பால்வாடியில சத்துமாவு சும்மாதான தாராங்க. ஏன் கூட்டிட்டு வர மாட்டேங்கிய?” என்று கேட்டாள்.

“பால்வாடி ஒம்பது மணிக்குத் திறக்கும். நாங்க ஆறரைக்கே வயல்ல நிக்கோம். பிள்ளைய அந்தப் பூட்டுல மாட்டிட்டுப் போகவா?”

சாரம்மாள் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் ஐயம்பெருமாளைப் பார்க்கப் போனாள்.

“அண்ணாச்சி, குண்டா இருக்கதுக்குப் பரிசு குடுக்கோம். இந்த வருஷம், நாலு மாசத்துல எந்தப் பிள்ளைக்கு எடை அதிகமாக் கூடுதோ அதுக்குக் குடுத்தா என்ன?”

ஐயம்பெருமாள் தன் பேரன் சிவசங்கரனைப் பார்த்தார். அவன் மடியில் மூட்டைபோல உட்கார்ந்திருந்தான். “கூடுத எடைதான? கூட்டிட்டாப் போச்சு!”

“எல்லாப் பிள்ளையும் கலந்துக்கிடணும்னா பால்வாடியை ஆறு மணிக்குத் திறக்கணும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ஆபீஸர் கேப்பாரு.”

ஜெயிக்கப்போகிற மிதப்பில் அவர் போட்டுக் கொடுத்தார்.

மறுவாரத்திலிருந்து விடிந்தும் விடியாமலும் தென்கரைப் பெண்கள் பாலம் கடந்தார்கள். பாதிப் பிள்ளைகள் தூக்கத்திலேயே வடகரைப் பால்வாடிக்குப் போய்ச் சேர்ந்தன. பேச்சிக்குச் சத்துமாவு பிடித்துவிட்டது. அடுத்தவள் கிண்ணத்திலும் கை விட்டாள். ஆடியில் புதுவெள்ளம் வந்தபோது வயிற்றுப்போக்கில் விழுந்து, கூடிய எடை முழுவதும் இறங்கியது. “தராசு பொய் சொல்லுது!” என்று உலகம்மாள் அழுதாள். சாரம்மாள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டக் காட்டிக்கொடுத்து, பத்து நாள் வீடு தேடி வந்தாள். பேச்சி மறுபடி கிண்ணத்தைத் தேட ஆரம்பித்தாள்.

வடகரையில் வேறு கூத்து. சிவசங்கரனுக்கு நெய்யும் முட்டையுமாக ஊட்ட, அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் அம்மா விஜயஸ்ரீ கிண்ணத்தோடு வீடு முழுக்கத் துரத்தியதில் அவள்தான் இளைத்தாள்.

கடைசி எடை நாளில் சிவசங்கரன் தண்டை, கொலுசு, விரல் தடிமனில் வெள்ளி அரைஞாண் எல்லாம் பூட்டி வந்தான்.

“அண்ணாச்சி, போன தடவ பிள்ள வெறும் மேலோட வந்தானே?”

“நல்ல நாளும் அதுவுமா வெறும் மேலோட தூக்கிட்டு வரச் சொல்லுதியா?”

சாரம்மாள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கால் கிலோ குறைந்தது. மிச்சம் கூடியிருந்தது முந்நூறு கிராம். பேச்சி கூடியிருந்தது ஒன்றேமுக்கால் கிலோ. தென்கரை மொத்தமும் குலவையிட்டது.

பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் தயங்கினார். ஒன்றேமுக்கால் கிலோ கூடியும் பேச்சி சிவசங்கரனில் பாதிதான் இருந்தாள். “கொழுகொழு குழந்தைன்னு போட்டுட்டு இந்தப் பிள்ளையவா காட்டுதது?” என்று ஐயம்பெருமாளும் இழுத்தார். “படத்துக்கு மட்டும் எம்பேரன் நிக்கட்டுமே.”

சாரம்மாள் கோபத்தோடு வாயைத் திறந்தாள். அதற்குள் உலகம்மாள் முன்னே வந்தாள்.

“படத்துக்கு அந்தப் பிள்ளைய வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஆட்ட மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க.”

கயிற்றை அவரே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கையில் ஆடு, இடுப்பில் பேச்சி, பின்னால் துள்ளும் குட்டி. பாலத்தில் உலகம்மாள் இரண்டு முறை நின்று இடுப்பை மாற்றினாள். பிள்ளை கனத்தாள். ஆட்டைவிட அந்தக் கனம்தான் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பத்திரிகையில் சிவசங்கரன் பல் தெரியச் சிரித்தான். கீழே, ‘முதல் பரிசு: தென்கரை செல்வி பேச்சியம்மாள்.’

“எம்பேரனப் பொம்பளப் பிள்ளையாக்கிட்டானே வே!” என்று ஐயம்பெருமாள் ஆலையில் நின்று கத்தினார்.

அன்று காலை ஆறு மணிக்குப் பால்வாடி வாசலில் பத்திரிகை கை மாறியது. உலகம்மாளுக்கு யாரோ வாசித்துக் காட்டினார்கள். “ஆமா, எம்மவதான்! நேத்து ராத்திரி கொஞ்சம் கூடுதலாத் தின்னுட்டா” என்றாள் அவள். சிரித்துச் சிரித்து, அன்று நடவுக்கு எல்லோருமே பிந்திப் போனார்கள்.