பன்னிரண்டு மணிச் சந்தை

காலையில் எழுந்ததும் ரொக்சானாவுக்கு உடம்பைப் பற்றி நினைக்க நேரம் இருப்பதில்லை. உடுப்பைப் பற்றி நினைக்கவே நேரம் போதாது. அடுக்கடுக்காக உள்பாவாடைகள், அவற்றின் மேல் மடிப்பு வைத்த அகலப் பாவாடை, பட்டுக் குஞ்சம் தொங்கும் சால்வை, அதைப் பிடித்து நிறுத்த ஒரு வெள்ளி ஊசி, எல்லாவற்றுக்கும் மேலே உருண்டைத் தொப்பி. சால்வை பச்சையென்றால் காதிலும் பச்சைக்கல்தான். லா பாஸ் நகரத்தில் பாவாடைக்காரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் தேர் மாதிரி உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான். பல்வலியோடு வருகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் வலியை மறந்து அவள் சால்வையைப் பார்ப்பார்கள்.

பாவாடையின் இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினால்தான் மடிப்பு நிற்கும். அந்தக் கயிறு மிகச் சரியாக ஊசி போட்ட இடத்தில் வந்து விழும். கருத்தரிப்பு மருத்துவமனை நர்ஸ் கரோலா, "கொஞ்ச நாளைக்கு லூசா கவுன் போட்டுக்கக் கூடாதா?" என்று சொல்லிப் பார்த்தாள். ரொக்சானா கயிற்றைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினாளே தவிர கவுன் பக்கம் போகவில்லை. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உடுப்பாவது கேட்கட்டுமே என்பது அவள் கட்சி.

போன முறை வைத்த கருவும் தங்கவில்லை என்று கரோலா போனில் சொன்னபோது ரொக்சானா "ம்" என்றாள். போனை வைத்துவிட்டு, கடைவாய்ப்பல் பிடுங்க வந்த கிழவருக்கு நாள் குறித்துக் கொடுத்தாள். அதற்கு முந்தைய முறை கழிப்பறைக்குள் போய் அழுதிருக்கிறாள். முதல் முறை தெருவிலேயே அழுதிருக்கிறாள். இந்தத் தடவை அழுகை வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்கள் வாயில் ரத்தம் வருவது தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் மேசை முன்னால் நிற்பார்கள். அவர்களுக்குக் காகிதத் துண்டு நீட்டுவது அவள் வேலை. தனக்கு நீட்ட யாருமில்லை என்று அவள் குறைப்படவும் இல்லை. குறைப்படுவதற்கும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டுமே.

இனி மிச்சம் ஒரே ஒரு கரு. கருத்தரிப்பு மருத்துவமனையின் உறைபெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து வயிற்றில் வைக்கலாமா என்று கேட்க இன்று கரோலா போன் செய்வாள்.

"ஆமான்னு சொல்லிடு ரோக்சி" என்றான் புருஷன் ஃப்ரெடி, காப்பியில் ரொட்டியை முக்கியபடி. கடைகளுக்கு இரும்பு ஷட்டர் பற்றவைப்பது அவன் தொழில். விரல் நுனியெல்லாம் தீப்பொறித் தழும்பு. "நாளும் நல்ல நாளு. அலசிட்டாஸ் அன்னைக்கே கேக்குறாங்க பாரு. அம்மா அப்பவே சொன்னாங்க."

"ம்."

"நான் மத்தியானம் பொம்மை வாங்கிடறேன். பன்னெண்டு மணிக்குள்ள."

"ம்."

அலசிட்டாஸ் என்றால் குட்டிச் சாமான் சந்தை. அந்த வருஷம் எது வேண்டுமோ அதைக் கைக்குள் அடங்குகிற அளவில் வாங்கி, நண்பகல் மணி அடிக்கையில் பூசாரியிடம் புகை காட்டிக்கொள்ள வேண்டும். வீடு வேண்டுபவருக்குக் குட்டி வீடு, கார் வேண்டுபவருக்குக் குட்டிக் கார், மாப்பிள்ளை வேண்டுபவளுக்கு ஒரு சேவல். தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது, அடுத்தவர் வாங்கிக் கொடுக்க வேண்டும். ரொக்சானாவுக்கு வருஷா வருஷம் எல்லோரும் குழந்தைப் பொம்மைதான் வாங்கிக் கொடுத்தார்கள். மாமியார் சத்துர்னினா வீட்டுக் கூடத்தில் வாங்கிய குட்டிச் சாமான்களை மாட்டிவைக்கும், மீசை வைத்த எக்கேக்கோ சாமி நிற்கிறார். ஊரில் மற்ற எக்கேக்கோக்கள் பணமும் அரிசி மூட்டையும் சுமந்து சிரிக்க, இவர் மட்டும் முதுகிலும் கழுத்திலும் குழந்தைகளாகத் தொங்கவிட்டுக்கொண்டு அநாதை இல்லக் காப்பாளர் மாதிரி நிற்பார். அவர் முகத்திலும் சிரிப்புதான். அவருக்கென்ன.

பல் மருத்துவமனையில் பத்தரைக்குச் சல்தேனியா வந்தது. கறியும் சாறும் ததும்பும் அந்த அப்பத்தின் மூக்கைக் கடித்துச் சாற்றை உறிஞ்சி, சால்வையில் ஒரு சொட்டு சிந்தாமல் சாப்பிடுவதில் ரொக்சானாவை அடிக்க ஆளில்லை. டாக்டர் ஹிமேனா மேலங்கியெல்லாம் சிந்திக்கொண்டு, "நீ மட்டும் எப்படிடி?" என்பாள். இன்றும் சிந்தவில்லை. ஆனால் கடைசி வாய் போன பிறகுதான், தின்றது கோழியா மாடா என்று தெரியவில்லை என்பது ரொக்சானாவுக்கு உறைத்தது.

"அக்கா, தொப்பிய மாட்டு, கிளம்பு" என்று வந்து நின்றாள் உதவியாளர் யொவானா. "இந்த வருஷம் நீதான் எனக்கு சேவல் வாங்கித் தரணும். போன வருஷம் எங்கம்மா வாங்கிக் குடுத்த சேவலு, வந்தவன் சரியான பொட்டக்கோழி."

"நொண்டியா இருந்தா பரவாயில்லையா?"

"சம்பாதிக்கிற நொண்டின்னா சரி."

சந்தைக்குப் போகும் சரிவு முழுக்கத் தலைகள். ரொக்சானா சிவப்புக் கொண்டை வைத்த சேவல் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். யொவானா அதை முத்தமிட்டுவிட்டு, பதிலுக்குக் குழந்தைப் பொம்மை வாங்கி வருகிறேன் என்று கூட்டத்துக்குள் மறைந்தாள். வேண்டாம் என்று சொல்ல ரொக்சானா வாயைத் திறந்தாள். சொல்வதற்குள் பெண் போய்விட்டாள். சொல்லியிருந்தாலும், பிறகு என்ன வேண்டும் என்று கேட்டிருப்பாள், அதற்குப் பதில் இல்லை. சுற்றிலும் கடை கடையாக ஆசைகள். குட்டி விமான டிக்கெட், குட்டிப் பட்டச் சான்றிதழ், குட்டிக் கேஸ் அடுப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். எதன் மேலும் மனம் போகவில்லை. குழந்தைப் பொம்மைக் கடை வந்தபோதும் அது ஒரு கடையாகத்தான் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எனக்கு இது இன்னும் வேண்டுமா, இல்லை வேண்டும் என்று சொல்லிப் பழகிவிட்டதா?

எதிர்ச்சாரிக்குப் போகத் தெருவில் கால் வைத்தாள். காதைக் கிழிக்கிற மாதிரி விசில்.

"பச்சை சால்வைக்காரம்மா! நில்லுங்க அங்கேயே!"

போக்குவரத்துப் பெண் போலீஸ். ஆலிவ் நிறச் சீருடை, வெள்ளைக் கையுறை, வெயிலில் கன்றிய கன்னம். ரொக்சானாவுக்கு ஆத்திரம் வரவேண்டிய இடம்.

"நான் என்ன வண்டியா ஓட்டிட்டு வந்தேன்?"

"அபராதம் போட இல்லம்மா. ஒரு உபகாரம்." அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "காலையிலேர்ந்து இந்த மூலையில நிக்க வச்சுட்டாங்க. எங்கக்கா வரேன்னா, வரல. மணி ஆகப்போகுது. நானே வாங்கிக்கக் கூடாதில்ல? இந்தாங்க காசு. எனக்கு ஒரு குழந்தை வாங்கிக் குடுங்க."

நீட்டிய காசையே ரொக்சானா பார்த்தாள். அவள் நாத்தனார் கிளாடிஸ் இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்ட வருஷம், பக்கத்தில் நின்ற ரொக்சானாவை விட்டுவிட்டு எங்கோ நின்ற கறிக்கடைக்காரியைக் கூப்பிட்டுப் பொம்மை வாங்கிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். அண்ணி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அன்று போட்டிருந்த சால்வையை மடித்து உள்ளே வைத்தாள், மறுபடி போடவில்லை, அவ்வளவுதான்.

"வேற யாரையாவது கேளுங்க" என்றாள். "எனக்குப் பிள்ளை இல்ல. ஊசி, மருந்து, எல்லாம் பார்த்தாச்சு. என் கை ராசியில்லாத கை."

பெண் போலீஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் கைக்கு மட்டும் என்ன வாழுதாம்? மூணு தடவை கலைஞ்சிருக்கு, கடைசித் தடவை இதே யூனிஃபார்ம்ல, நடுரோட்டுல. விசில் வாயில இருந்ததால கத்தக்கூட முடியல. நீங்க வாங்குங்கம்மா. உங்களுக்குத்தான் அதோட வெல தெரியும்."

கடைக்காரி நீட்டிய பொம்மைகளில் எதை எடுப்பது என்று ரொக்சானா தடுமாறினாள். கடைசியில் மஞ்சள் போர்வை சுற்றிய, மூக்குச் சப்பையான ஒன்றை எடுத்தாள். பூசாரி தணலில் சாம்பிராணி போட்டுவிட்டு, "யாரு குடுக்குறது? சொல்லிக் குடும்மா, ஊமையாக் குடுத்தா சாமிக்கு எப்படிக் கேக்கும்?" என்று அதட்டினார்.

தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. ரொக்சானா பொம்மையைப் பெண் போலீஸின் கையுறைக் கைகளில் வைத்தாள். "இது நிஜமாகட்டும்" என்றாள். அத்தனை வருஷம் பிறர் தன்னிடம் சொல்லிக் கேட்ட வார்த்தை. இப்போது தன் வாயிலிருந்து வந்தது, இன்னொரு தரம் சொன்னாள். "நிஜமாகட்டும். உனக்கு நிஜமாகட்டும்மா." அவள் மனதார விரும்பினாள். இந்த முன்பின் தெரியாதவளுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று உடம்பெல்லாம் விரும்பினாள். அப்போதுதான் தெரிந்தது, விரும்புவது அவளுக்குள் செத்துப்போகவில்லை. தனக்கு அதையே விரும்புவதுதான் தீர்ந்துபோயிருந்தது.

"சீக்கிரம், மணி நிக்கறதுக்குள்ள" என்று பெண் போலீஸ் அவள் சால்வையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப நான் உங்களுக்கு. என்ன வேணும், சொல்லுங்க. குழந்தையேவா?"

"இல்ல."

"அப்போ?"

பக்கத்துக் கடையில் மரச்சாமான்கள். ரொக்சானாவின் கை தானாகப் போனது. "அந்தக் கட்டில்."

"தொட்டிலும் சேர்த்து செட்டா இருக்கு, கசேரா" என்றாள் கடைக்காரி, வாடிக்கைக்காரியைக் கூப்பிடுகிற உரிமையோடு.

"தொட்டில் வேண்டாம். கட்டில் மட்டும். ரெண்டு தலகாணியோட."

பெண் போலீஸ் காசு கொடுத்து அதை அவள் கையில் வைத்தாள். மணி ஓய்வதற்கும் பூசாரியின் புகை கட்டிலைச் சுற்றி வருவதற்கும் சரியாக இருந்தது. அதற்குள் ஒரு பேருந்து தெருவை அடைத்து நின்று ஹாரன் அடிக்க, பெண் போலீஸ் பொம்மையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு விசில் ஊதியபடி ஓடினாள். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ரொக்சானா அவித்த சோளமும் மொச்சையும் பொரித்த பாலாடைக்கட்டியும் ஒரு தட்டு வாங்கி நின்றபடியே தின்றாள். பாலாடைக்கட்டியில் உப்பு கொஞ்சம் தூக்கல். தூக்கல் என்று தெரிந்ததே பெரிய விஷயம். யொவானா குழந்தைப் பொம்மையோடு மூச்சிரைக்க வந்து, "மணி முடிஞ்சிருச்சே அக்கா" என்று அழாத குறையாக நின்றாள். "போகுது விடு, நீ சேவலைப் பத்திரமா வச்சுக்க" என்றாள் ரொக்சானா.

மூன்று மணிக்குக் கரோலா போன் செய்தாள். "என்ன, எடுத்துரலாமா?"

"ம்" வரவில்லை. "என் வீட்டுக்காரர்கிட்ட நான் இன்னும் பேசல. பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சால்வையை அவிழ்த்தாள், இடுப்புக் கயிற்றைத் தளர்த்தினாள், சாப்பாட்டு மேசையில் குட்டிக் கட்டிலை வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவர்களுடைய நிஜக் கட்டில் உள்ளறையில் இருந்தது. எத்தனையோ நாளாக அது கட்டிலாக இல்லை. நாள் பார்த்துப் படுப்பது, காலைச் சுவரில் தூக்கி வைத்துக் கிடப்பது, ஐஸ் கட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊசிக்குக் காத்திருப்பது எல்லாம் அதில்தான். வெறுமனே அதில் தூங்கி எழுந்தது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

ஃப்ரெடி கதவைத் திறந்தபோதே சிரித்துக்கொண்டு வந்தான். சட்டைப் பையில் பொம்மையின் தலை துருத்திக்கொண்டிருந்தது. "கரெக்டா முதல் மணிக்குப் புகை காட்டிட்டேன். அம்மா வேற பின்னாலேயே நின்னு..." மேசையைப் பார்த்து நிறுத்தினான். "இது யாரு குடுத்தா?"

"பேரு கேக்கல. ஒரு போலீஸ்காரம்மா."

"தொட்டில் இல்லையே."

"நான்தான் வேண்டாம்னேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத் தூங்கணும் ஃப்ரெடி. உன் பக்கத்துல சும்மா தூங்கணும். கரோலாவுக்கு ஆமான்னு சொல்ல என்னால முடியல. எப்பவுமே முடியாதான்னு எனக்குத் தெரியாது. இப்ப முடியல."

அவன் கை சட்டைப் பைக்குப் போய்ப் பொம்மையின் தலையை மூடிக்கொண்டது. அவன் எவ்வளவு ஆசைப்பட்டு அதைப் பொறுக்கியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அது இப்போது வலித்தது. நன்றாகவே வலித்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள்.

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். தழும்பு விரலால் குட்டிக் கட்டிலின் ஒரு தலையணையைத் தொட்டான், பிறகு மற்றதைத் தொட்டான்.

"இதுல உனக்கு எந்தப் பக்கம்?"

ரொக்சானா சுவர்ப் பக்கமாக இருந்த தலையணையைக் காட்டினாள். காட்டிய கையோடு மேசையில் கவிழ்ந்து அழத் தொடங்கினாள். தொப்பி கழன்று தரையில் உருண்டது. அதை எடுக்க அவள் குனியவில்லை.