அண்ணன் நிறுத்திய ஜர்னல்

தங்கைக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஸ்கேன் சென்டரின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவள் அவள். அங்கே முதலாளியும் ஊசி போடுபவனும் அண்ணன்தான். படங்கள் சேரும் டிஸ்கில் அவன் தன் மச்சினனை வைத்து, அவளுக்குத் தெரியாமல் ஜர்னலை நிறுத்தியிருந்தது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜர்னல் ஒன்றும் பெரிய மாயமில்லை. எந்தப் படத்தை எங்கே வைக்கப்போகிறோம் என்று, படத்தோடு சேர்த்தே டிஸ்க் முதலில் தனியாக எழுதிக்கொள்ளும், பிறகுதான் உரிய இடத்தில் வைக்கும். பாதியில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து உடனே நிமிர்ந்துவிடும். எழுதியதையே மறுபடி எழுதுவதால் வேகம் குறையும், அண்ணன் முன்பு அதை நிறுத்தச் சொன்னபோது அதை அவளும் மறைக்கவில்லை. படம் முழுவதையும் இரண்டு தடவை எழுத வேண்டாம், அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்தால் போதும் என்று நடுவழியும் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. வரிசை வாசல்வரை நிற்கிறது, வேகம்தான் வேண்டும் என்றான் அண்ணன்.

வேகம் வந்தது. மச்சினனுக்குப் பாராட்டும் வந்தது. இன்று காலை மின்சாரம் போக, பேட்டரியும் காலை வாரியது. கணினி மறுபடி எழுந்தபோது காலையில் எடுத்த படங்கள் எது யாருடையது என்று தெரியாத துண்டுகளாகக் கிடந்தன. டிஸ்குக்கு அனுப்பிய படத்தை ஸ்கேன் மெஷின் தன்னிடம் வைத்துக்கொள்வதுமில்லை.

தொலைந்ததில் ஒன்று வெளியே பெஞ்சில் காத்திருந்த தையல்காரருடையது. கிட்னி பலவீனமான மனிதர். படம் தெளிவாக விழ ஊசியில் ஏற்றும் மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்பதால், அதை ஒரு தடவை ஏற்றவே டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்திருந்தார். இன்னொரு தடவை என்ற பேச்சே கிடையாது.

"மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிடு. நீ சொன்னா நம்புவாரு," என்றான் அண்ணன்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஊசி போடறதுக்கு முன்னாடி பேரைக் கேட்டு, கையில கட்டின பேர்ப் பட்டையையும் பாத்துட்டுத்தானே போடற? வரிசை நீளம்னு ஒரு நாளாவது அதை விட்டிருக்கியா?"

"அதை எப்படி விடறது? ஆள் மாறினா உயிரே போயிடும்."

"படத்தை வைக்கறதுக்கு முன்னாடி டிஸ்க்கும் அதைத்தான் அண்ணா செஞ்சுது. அதைத்தான் நீ வெட்டி வேலைன்னு சொன்ன."

மச்சினன் போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். பொய் சொல்ல அவள் வேண்டுமாம், முடிவெடுக்க மட்டும் அவள் வேண்டாமாம்! அவள் கதவைத் திறந்து, அண்ணன் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம் என்று தையல்காரரை உள்ளே கூப்பிட்டாள்.

அவர் வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். கேட்பதற்கு முன்பே தன் பெயரைச் சொல்லிவிட்டு, பட்டை கட்டிய கையை நீட்டினார்.