சீனாக்காரன் கும்பிடு

செங்கோட்டையன் சாவதற்குத் தயாராகிவிட்டார். நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போன ஐப்பசியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தபோது மாடு மிரண்டு, கிணற்றடிச் சரிவில் உருண்டு விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். தை பிறந்ததும் கட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்து, "நல்லாக் கூடிப்போச்சுங்க. இனி எந்திரிச்சு நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு செங்கோட்டையன் கட்டிலில் திரும்பிப் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான்.

"எங்கப்பன் அறுபத்தாறுலதான் போனாரு. பெரியப்பனும் அதே வயசுலதான். எனக்கும் இப்ப அறுபத்தாறு ஆவுது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பரம்பரைச் சொத்து கைக்கு வந்துவிட்டதுபோல அதை ஒரு நிதானத்தோடு சொன்னார். தோட்டத்தைப் பெரிய மகன் பார்த்துக்கொண்டான். இனித் தனக்கு எந்த வேலையும் பாக்கி இல்லை என்பது அவருடைய முடிவு.

இப்படிச் சாகப் போகிற மனுசன், கம்மஞ்சோற்றுக்குத் தயிர் போதவில்லை என்று மட்டும் தினமும் சண்டை பிடித்தார். மாரக்காள் தயிரை ஊற்றினாள். ஊற்றும்போது அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மாரக்காள் அவர் மனைவி. பதினாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். கோபக்காரரோடும் வாய்த்துடுக்குக்காரரோடும் ஒரே சமயத்தில் குடும்பம் நடத்த வேண்டும் என்றால் இந்தச் செங்கோட்டையனைக் கட்டிக்கொண்டால் போதும் என்று மற்றப் பெண்களிடம் கேலியாகச் சொல்வாள். ஆனால் கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது அவளுக்குக் கேலி வரவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள், பேரப் பிள்ளைகள் இருந்தார்கள், தொண்டுப்பட்டி நிறைய மாடு இருந்தது. அவளுக்கு அவர் வேண்டும். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் அவள் தம்பி சண்முகவேல் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தான். மேட்டூரில் அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே புதிதாக வந்த தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். அதுவரை அக்கா வீட்டில் தங்கலாம் என்று வந்தவன், ஒரு தகரப் பெட்டியையும் நிற்காத வாயையும் கொண்டுவந்திருந்தான். பினாங்கில் ஒரு சீனாக்காரரின் மருந்துக் கடையில் வேரும் பட்டையும் அரிந்து கொடுப்பது அவன் வேலையாக இருந்திருக்கிறது.

"எங்க மொதலாளிக்கு எம்பது தாண்டிருச்சு மச்சான். மூட்டை வந்தா அவரே கை குடுத்து எறக்குவாரு" என்றான்.

"அந்த ஊருக்கு எமனுக்கு வழி தெரியாதாட்ட இருக்குது மாப்ளே" என்றார் செங்கோட்டையன் சுவரைப் பார்த்தபடியே.

சண்முகவேல் அசரவில்லை. சீனாக்காரர்கள் வயதாவதை நோயாக நினைப்பதில்லை என்றான். உடம்புக்குள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கே தேங்குகிறதோ அங்கேதான் மூப்பு உட்காரும் என்பது அவர்கள் கணக்கு. "தெனமும் எறைக்கிற கெணறு ஊறிக்கிட்டே இருக்கும். எறைக்காமப் போட்டா பாசி புடிச்சிரும். அதாட்டத்தான்" என்றான். அந்தச் சீனாக்காரர் வேறு எதையோ உவமை சொல்லியிருப்பார். கிணறு இவன் சேர்த்துக்கொண்டது.

வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டுச் சாப்பிட வேண்டும். பச்சைத் தண்ணீரை விட்டு வெந்நீர் குடிக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்காமல் மெதுவாக நாலு எட்டு நடக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில் காலை வைத்து ஊறப்போட்டு, உள்ளங்காலையும் முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தையும் கட்டை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இவ்வளவையும் அவன் சொல்ல, மாரக்காள் அடுப்படியிலிருந்தே மனதில் வாங்கிக்கொண்டாள். தகரப் பெட்டியிலிருந்து சுருங்கிய சிவப்புப் பழம் ஒன்றை எடுத்து, இதை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடிப்பார்கள் என்று கொடுத்தான். கடித்துப் பார்த்தவள், "இது நம்ம எலந்தை வத்தல்தான்டா. கொஞ்சம் கொழுத்துக் கெடக்குது" என்றாள். மறுநாளிலிருந்து உள்ளூர் இலந்தை வற்றலும் சுக்கும் போட்டுக் கஷாயம் காய்ந்தது.

செங்கோட்டையன் இவற்றில் எதையும் மறுக்கவில்லை. கஷாயத்தைக் குடித்தார். வெந்நீரில் காலை நீட்டினார். மாரக்காள் உள்ளங்காலைத் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, "சீனாக்காரன் புத்திசாலிதான்" என்று ஒத்துக்கொள்ளவும் செய்தார். படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வைத்தியம் எதுவானாலும் அவருக்குச் சம்மதம். எழுந்து நிற்கச் சொன்னால்தான் அறுபத்தாறு வயது ஞாபகம் வந்துவிடும்.

எழுந்து நின்று செய்வதுதான் அதில் முக்கியமானது. விடியற்காலையில் கிழக்கே பார்த்து நின்று, சண்முகவேல் அதைச் செய்து காட்டினான். விரல்களைக் கோத்து வானத்தைத் தாங்குவதுபோல இரண்டு கையையும் உயர்த்தினான். வில்லை வளைப்பதுபோல ஒரு கையை நீட்டி மறு கையை இழுத்தான். கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பின்னால் பார்த்தான், குனிந்து பாதத்தைத் தொட்டான். இப்படி எட்டு விதம். எட்டாவதில் குதிகாலைத் தூக்கி எக்கி நின்று, சட்டென்று தரையில் விட வேண்டும். ஒவ்வொரு தடவை விடும்போதும் உடம்பு முழுவதும் ஒரு தரம் அதிரும். மூச்சு அறுபடக் கூடாது. நடுவில் பேசக் கூடாது, நிறுத்தவும் கூடாது.

"இது எதுக்கு மாப்ளே? சீனாக்காரன் கும்பிடா?" என்று கேட்டார் செங்கோட்டையன். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

சண்முகவேல் ஒரு மாதம் கெஞ்சிப் பார்த்தான். மச்சினன் சொல்லி எந்த மச்சான் கேட்டிருக்கிறார்? மேட்டூரிலிருந்து ஆள் வந்ததும் அவன் புறப்பட்டுவிட்டான். போகும்போது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "காலுல ஒரு கொறையும் இல்லக்கா. இப்படியே உட்டா ரண்டு மாசத்துல அது கட்டையாப் போயிரும். அப்பறம் ஆராலயும் ஆவாது" என்றான்.

அந்த இரண்டு மாதம் மாரக்காளின் மார்பில் கல்லாக உட்கார்ந்தது. மறுநாள் காலையில் அவர் கட்டிலுக்கு எதிரே போய் நின்று, தானே கையை உயர்த்தினாள். தனக்கு இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டாள். செங்கோட்டையன் சிரித்தார். இரண்டாம் நாளும் சிரித்தார். நாலாம் நாள், "எடது கை தாழ்ந்து போச்சு புள்ள" என்றார். அப்புறம், "வில்லு இழுக்கறப்ப முழங்கை மேல இருக்கோணும். உன்ற தம்பி எப்படிச் செஞ்சான்னு பாக்கலியா?" என்றார். படுத்த படுக்கையாக ஒரு மாதம் பார்த்ததில் எட்டும் அவருக்கு மனப்பாடமாகி இருந்தது. அவள் குதிகாலைத் தூக்கும்போது, போர்வைக்குள் அவர் கால் விரல்களும் அசைந்தன. அவள் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தச் சந்தோஷத்தை அவரே கெடுத்தார். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பெரியவன் களத்து ஓரத்தில் கிடந்த காய்ந்த வேலமரத்தை விற்கலாமா என்று கேட்டான். "விக்காதே. நாளைக்கு என்னை எரிக்க ஆகும்" என்றார் செங்கோட்டையன்.

வெந்நீர் கொண்டுவந்த மாரக்காள் அதைக் கேட்டாள். வெந்நீரை அப்படியே வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவர் காலை யாரும் தேய்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. திருவிழாவுக்குக் கம்பம் நட்டு, ஊரே அம்மன் நினைப்பில் இருந்தது. மாரக்காள் கருக்கலில் எழுந்து, மஞ்சள் பூசித் தலைக்குக் குளித்தாள். பெரியவன் நாமக்கல் சந்தைக்கு வண்டி கட்டிப் போய்விட்டான். அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், ஈரத் தலையை விரித்துப் போட்டபடி நேராகக் களத்துக்குப் போனாள். கிழக்கே பார்த்து நின்று கையை உயர்த்தினாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயி உறைமோர் வாங்க வந்தாள். விடிகிற வெளிச்சத்தில், விரிந்த தலையும் மஞ்சள் முகமுமாக, வானத்தை நோக்கிக் கை தூக்கி நிற்கும் மாரக்காளைப் பார்த்தாள். கூப்பிட்டாள், பதில் இல்லை. மாரக்காளின் கழுத்து மெதுவாகத் திரும்பி, கண் இவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. பாப்பாயி சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள்.

கூட்டம் சேர அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் வந்தபோது எட்டாவது நடந்துகொண்டிருந்தது. குதிகால் எழும்பி எழும்பித் தரையில் விழ, உடம்பு அதிர, ஈரத்தலை குலுங்கியது. அம்மன் இறங்கிவிட்டாள் என்பதில் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி வேப்பங்குழையை ஒடித்தாள். ஊர்ப் பெரியவர் வீரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மழை எப்பத் தாயி தருவே?" என்று கேட்டார்.

மாரக்காளுக்கு உள்ளே பதறியது. ஆனால் நடுவில் பேசக் கூடாது. குதிகாலை விடுகிற கணக்கில் இன்னும் பாதிகூட முடியவில்லை.

"ஊட்டு ஆம்பளை வந்து கேக்கோணும். வந்துருக்கறது ஆருன்னு அவிய கேட்டாத்தான் சொல்லும்" என்றார் வீரன். அது ஊர் வழக்கம். திருநீறும் தண்ணீரும் வீட்டுக்காரர் கையால்தான் கொடுக்க வேண்டும். பெரியவனோ சந்தையில். பாப்பாயி வாசலில் போய் நின்று, "ஏனுங்க, உங்கூட்டுல அம்மன் வந்துருக்குதுங்க. நீங்க வராம மலையேறாதுங்க" என்று கூப்பிட்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு வாசற்படியில் கைத்தடி தட்டுகிற ஓசை கேட்டது.

மாரக்காள் கடைசியாகக் குதிகாலை விட்டபோது அவரைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து நின்றார். சுவர் முடிந்ததும், அங்கே சாய்த்து வைத்திருந்த பழைய வண்டிச் சக்கரத்தைப் பிடித்தார். சக்கரத்துக்கும் களத்துக்கும் நடுவே பிடிக்க ஒன்றுமில்லை. தடியை ஊன்றி, பல்லைக் கடித்து, வேர்க்க வேர்க்க நடந்து வந்தார். தாங்கப் போனவர்களை முறைத்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் மேல் வெயில் படுவது அன்றுதான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எதிரே வந்து நின்றார். அவருக்கா தெரியாது இது சீனாக்காரன் கும்பிடு என்று? கண்ணில் சிரிப்பு இருந்தது. ஆனால் ஊர் முன்னால் முகத்தை இறுக்கிக்கொண்டு, உள்ளங்கைத் திருநீற்றோடு கேட்டார்.

"வந்துருக்கறது ஆரு தாயி?"

ஒரு சொல் போதும். அம்மன் வாக்கு என்றால் அவர் தட்டமாட்டார், ஊரும் தட்ட விடாது. தினமும் எழுந்து நட என்று அம்மன் பேரில் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பூச்சாட்டின வாரத்தில் அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ரோசம் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுசனோடு குடும்பம் நடத்தியது அவளா, அம்மனா?

"ஆரும் வரலீங்க" என்றாள். "நாந்தான்."

கூட்டம் முணுமுணுத்தது. வீரன் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்ற தம்பி சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சேன். நடுவால பேசப்படாதுன்னான், அதான் பேசல" என்றாள் மாரக்காள். நிறுத்தினால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. "எனக்கு உங்களைத் தூக்கிக் குடுக்க மனசில்லீங்க. நீங்க இல்லாத ஊட்டுல நான் என்னங்க பண்ணுவேன்? உங்கப்பாரு போன வயசு அவரோட வயசுங்க. அது உங்களுக்கு எதுக்கு? வலிச்சா வலிக்கட்டும். தெனமும் காத்தால எங்கூட வந்து நில்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் நாலு பேர் முன்னால் புருசனிடம் இப்படிப் பேசியதில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பாப்பாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

செங்கோட்டையன் கையிலிருந்த திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். பிறகு வீரன் பக்கம் திரும்பினார்.

"அம்மன் சொல்லியிருந்தா, ஒரு நாளைக்குச் செஞ்சுபோட்டு, ஒரு பொங்கலை வெச்சு முடிச்சிருப்பேன். இவ சொல்லிப்போட்டாளே. தெனமும் செய்யோணுமே" என்றார்.

தடியை வீரனிடம் கொடுத்தார். தள்ளாடி இரண்டு எட்டு வைத்து மாரக்காளின் பக்கத்தில் வந்து, கிழக்கே பார்த்து நின்றார். அவள் தோளில் ஒரு கணம் கை வைத்து நிலை பிடித்துக்கொண்டு, இரண்டு கையின் விரல்களையும் கோத்தார்.

"எதுல இருந்து புள்ள?"

"மொதல்ல இருந்துங்க" என்றாள் மாரக்காள்.