எய்னோவின் நெஞ்சுக்குள் எந்தக் கம்பி?

1

வேலையில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரில் ஓர் இதய ஆய்வின் செவிலி நான். களைத்துப்போன இதயத்தைத் தூண்டி ஓட்ட இரண்டு முறைகள் உண்டு. பழையதில் கம்பிகள் இரு பக்கமும் நின்று தட்டும். புதியதில் ஒரு கம்பி இதயத்தின் சொந்த மின்பாதையிலேயே போய்ச் சேரும். யாருக்கு எது என்று கணினி சீட்டுக் குலுக்கும். நோயாளிக்கும் சொல்வதில்லை, எனக்கும் சொல்வதில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: “ஏரி உறைந்த அந்தக் காலையில், எய்னோ லாம்பியின் இதயமும்...”

வேண்டாம். எய்னோ படித்தால் சிரிப்பார்.

2

எய்னோ இரும்புத்தாதுத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்லிஸ் அவருடைய முன்னாள் மனைவி, இப்போது எதிர்வீட்டுக்காரி. விவாகரத்தில் படகு எய்னோவுக்கு, நாய் மார்லிஸுக்கு என்று எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். இதயநோய் மட்டும் இருவருக்கும் வந்தது. ஒரே ஆய்வில் சேர்ந்தார்கள். (இதை யாரும் நம்பமாட்டார்கள் என்கிறாள் என் தோழி. அவள் நியூயார்க்கில் இருக்கிறாள், அப்படித்தான் சொல்வாள்.)

தனக்குத்தான் புதிய முறை என்று இருவரும் சாதித்தார்கள். சவுனாவுக்கு, அதுதான் அந்த நீராவிக் குளியலறைக்கு, நானே விறகு சுமக்கிறேன் என்பார் மார்லிஸ். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறேன் என்பார் எய்னோ.

3

இங்கேதான் சிக்கல். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், வீடே எரிந்துகொண்டிருந்தாலும் ‘பரவாயில்லை’ என்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நோயாளி வாயால் சொல்வதைக் கேட்டு இரு முறைகளை ஒப்பிடும் ஆய்வை இங்கே கொண்டுவந்த புண்ணியவான் யாரோ.

அன்று பரிசோதனைக்கு வந்த எய்னோவின் முகம் வெளிறியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மருத்துவர் கம்பியைச் சோதிப்பார், தேவைப்பட்டால் முறையையே மாற்றுவார். சொல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

4

(இந்தப் பகுதியைப் பலமுறை அடித்துவிட்டேன்.)

மார்லிஸ் பரிசோதனை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“இவன் சாய்வு நாற்காலியிலதான் தூங்குறான். ராத்திரி பூரா டிவி வெளிச்சம் தெரியுது.”

“வேவு பாக்கிறியா? எனக்குப் புதுசு கிடைச்சதுல உனக்கு வயித்தெரிச்சல்.”

மார்லிஸ் பதிலுக்குத் திட்டுவார் என்று ஒரு பத்தியே தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. எய்னோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சரி, உனக்குத்தான் புதுசு. நீ ஜெயிச்சிட்ட. இப்ப சொல்லு, படுத்தா என்ன ஆகுது?”

எய்னோ தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணிக்குள்ள மூழ்கற மாதிரி இருக்கு, மார்லிஸ். பயமா இருக்கு.”

மருத்துவரைக் கூப்பிட ஓடினேன்.

5

அப்போதே எய்னோவை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள்.

ஒரு வரைவில் எய்னோ பிழைத்து, பிடித்த மீனில் பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். இன்னொன்றில் மார்லிஸ், துக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டில்... அதைக் கிழித்துவிட்டேன்.

எனக்கு அவரைப் பிடிக்கும். பிடித்தவர்களுக்கு நல்லதை ஒதுக்கிவிடுவோம் என்றுதான் என்னைப் போன்றவர்கள் கையில் சீட்டைக் கொடுப்பதில்லை. நீங்கள் அவரை ஒரு பக்க அளவுக்குத்தான் அறிவீர்கள். முடிவை நீங்கள் எழுதுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள். மார்லிஸ் வெளியே உட்கார்ந்திருக்கிறார். யாராவது வந்து சொல்லும்வரை வீட்டுக்குப் போகமாட்டாராம்.