பஞ்சாட்சரத்தின் சம்மதம்

தேவானைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ரேஷன் கடைச் சுவரில் அந்தத் தாளை ஒட்டிய நாளிலிருந்து இதே கூத்துதான். அடையாற்றுக் கரையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் அலையாத்திக் காட்டைக் கார்பன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். காற்றிலிருக்கும் கரியை மரம் இழுத்து வைத்துக்கொள்ளுமாம். இழுத்த கரியை எங்கேயோ புகை விடுகிற கம்பெனிக்காரன் தன் பேரில் விலைக்கு வாங்கிக்கொள்வானாம். வாங்கிவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் முப்பது வருஷத்துக்குச் சுற்றிலும் வேலி, உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது என்று போட்டிருந்தது. அதற்குக் குப்பத்துக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சம்மதம் என்று கீழே பெயர்கள் வேறு.

அந்தச் சேற்றில்தான் தேவானை இருபது வருஷமாக நண்டு பிடிக்கிறாள். விடிந்ததும் இறங்கி, வேர்களுக்கு இடையில் கையை விட்டு ஒரு கூடை எடுத்துக்கொண்டு போய் மந்தைவெளி மார்க்கெட்டில் உட்கார்ந்தால், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். வேலி போட்டுவிட்டால் அவள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

இது ஒரு பயம். இன்னொன்று இதைவிடப் பெரியது. பட்டியலில் நாற்பத்தோராவது பெயர் பஞ்சாட்சரம். அவள் புருஷன். மனுஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். போன மாதம் ஏதோ அறக்கட்டளைக்காரர்கள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மரத்தின் பெருமையை ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் கண்ணெல்லாம் மூலையில் அடுக்கியிருந்த பிரியாணிப் பொட்டலத்தின் மேல். நோட்டில் கையெழுத்துப் போட்டால் பொட்டலம். வராதவர்களுக்கும் சேர்த்துப் பக்கத்து வீட்டார் போட்டு வாங்கிவிடுவது குப்பத்து வழக்கம். வெள்ளத்துக்குக் கொடுத்த பாயிலிருந்து கொசுவலை வரை அப்படித்தான் வாங்கினார்கள். அன்றைக்கென்று பார்த்துப் பஞ்சாட்சரத்தின் நினைவு நாள். படையல் போட முடியவில்லையே என்று காலையிலிருந்து குமைந்துகொண்டிருந்த தேவானை, பிரியாணி என்றால் உயிரை விடுகிற மனுஷனாயிற்றே என்று அவன் பெயரையும் எழுதிவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்துப் படத்துக்கு முன்னால் வைத்தபோது அழுகையும் வந்தது, மனசும் ஆறியது. அந்த நோட்டுதான் இப்போது சம்மதப் பட்டியலாக வந்து நிற்கிறது.

இன்றைக்குச் சரிபார்க்க ஷண்முகப்ரியா என்ற பெண் வந்திருந்தாள். அறக்கட்டளை ஆள் இல்லை, வெளி ஆள். ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இவள் நேரில் கேட்டு எழுதினால்தான் திட்டம் நடக்கும். அதற்குள்ளேயே வேலிக் கம்பம் ஏற்றிய லாரி கூடத்து வாசலில் நிற்கிறது. என்ன அவசரமோ!

"கம்முனு இரு," என்று பக்கத்து வீட்டுச் சகினா தேவானையின் தொடையைக் கிள்ளினாள். "செத்தவரு பேர்ல கையெழுத்து போட்டது தெரிஞ்சா போலீஸ் கேசாய்டும்."

"எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டு போட்ட கையெழுத்து, மேடம்," என்றார் அறக்கட்டளை ஆனந்தகுமார், பெரிய சிரிப்போடு.

"அப்போ இதுல இருக்கிறவங்க சில பேர்கிட்ட பேசிடறேன்." ஷண்முகப்ரியாவின் விரல் பட்டியலில் இறங்கி நின்றது. "பஞ்சாட்சரம் யாருங்க?"

தேவானை சகினாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கேசு இல்லை; ஆனால் வேலி உண்டு. அட, நண்டு பிடிக்க முடியாத வீட்டில் உட்கார்ந்திருப்பதும் ஜெயில்தானே என்று தோன்றியது. எழுந்துவிட்டாள்.

"அவுரு என் வூட்டுக்காரரு மேடம். செத்து மூணு வருசம் ஆவுது. அன்னிக்கு அவுரு தெவசம். படையலுக்கு ஒரு பிரியாணி கெடைக்குமேன்னு நான்தான் எழுதிட்டேன். மரம் வேணாம்னு நாங்க சொல்லல. மரம் இல்லன்னா நண்டு ஏது? வேலி போடப் போறாங்கன்னு மட்டும் மெய்யாலுமே ஒருத்தரும் சொல்லல. தப்பு என்னுதுதான், இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

ஆனந்தகுமாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எங்க மாமியாரு பேரும் அப்டித்தான்!" என்று சகினாவே கத்தினாள். "அது செத்துப் பூட்டு அஞ்சு வருசமாவுது!" பின்னாலிருந்து ஒருவர், "என் தம்பிய வூட்ட இடிச்சிட்டு பெரும்பாக்கத்துக்குத் தூக்கினு போய்ட்டாங்களே, அவன் பேரும் கீது பாரு!" என்றார். ஆளாளுக்கு எழுந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் பதினொரு பேர் செத்தவர்கள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

ஷண்முகப்ரியாவும் சிரித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். "உட்காருங்கம்மா, கேசெல்லாம் ஒண்ணும் இல்ல. சாப்பாட்டு நோட்டை சம்மதம்னு காட்டினதுக்கு இவங்கதான் பதில் சொல்லணும். இந்தப் பட்டியல் செல்லாது. வேலி வேண்டாம், நண்டு பிடிக்க வழி வேணும்னு நீங்க சொன்னதை அப்படியே எழுதறேன். அதை ஒத்துக்காம இங்க திட்டம் வராது."

லாரி கம்பங்களோடு திரும்பிப் போவதைத் தேவானை வாசலிலிருந்து கண் நிறையப் பார்த்தாள். அப்பாடா! வீட்டுக்கு வந்ததும் வந்த பசிக்கு நேற்றுச் சோற்றையே இரண்டு தட்டு சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பஞ்சாட்சரத்தின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"யோவ்," என்றாள். "உசிரோட கீறப்போ ஒரு மீட்டிங்குக்கு வந்துகிறியா நீ? ஒரு பொட்டலம் பிரியாணிக்கு இப்ப வந்து நின்னுட்டியேய்யா."