மஞ்சள் மாவு

"முதல்ல உன் போசிய எறக்கு, அப்பறம் என் சோளத்த நிறு" என்றாள் முத்தாலேயின் அம்மா.

தராசின் இரும்புத் தட்டில் அவளுடைய மூட்டைக்குப் பக்கத்தில் பூனை போசி கிடந்தது. மூட்டையில் ஓட்டை விழுந்து கொட்டிய மாவு மாதிரி நாலு பக்கமும் பரவிக் கிடந்தது. காலையில் வெயில் படும் தட்டு அது, சூடாக இருக்கும். மாவு மில்லை ஓட்டும் சன்சா இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி இறக்கினான். தராசு முள் ஏழு கிலோவுக்கும் மேல் பின்னால் போய் நின்றது.

"எங்க சின்னவன்கூட இந்த எடை வரமாட்டான்" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"உங்க சின்னவன் கசோண்டே கையால திங்கலியே."

பெண்கள் சிரித்தார்கள். சன்சாவும் சிரித்தான். "நான் என்ன செய்ய? என் பொண்டாட்டி கெடுத்து வச்சிருக்கா. இல்லாத வீட்லயும் அதுக்கு மட்டும் தட்டு நெறையணும்" என்றான். சொல்லிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டான். அதற்குமேல் யார் பேசினாலும் கேட்காது.

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில் அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. வயலில் பயிர் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. வெளியிலிருந்து வந்த மஞ்சள் சோளத்தைத்தான் எல்லோரும் அரைத்தார்கள். வெள்ளைச் சோளத்தில் களி கிண்டிச் சாப்பிட்டவர்களுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. கோழிக்குப் போடுவதை நமக்குப் போடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டே அரைத்துப் போனார்கள். மில்லுக்குள் சுவர், கூரைத் தகரம், சன்சாவின் புருவம், காது மடல் எல்லாம் மஞ்சள். வெள்ளையாக இருந்த பூனையும் மஞ்சளாகிவிட்டது. மற்ற வருடங்களில் ஒருவரைப் பார்த்து "உடம்பு போட்டிருக்கே" என்றால் அது வாழ்த்து. ஒரு வேளைக் களியோடு குழந்தைகள் தூங்கப்போகும் வருடத்தில் கொழுத்த பூனை வைத்திருப்பது வேறு மாதிரி.

சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன் சன்சா. இப்போது சிகாஸ்வே என்பவருடைய மில்லை ஓட்டுகிறான். மில்லின் பின்புற அறைதான் வீடு. அவனும் கசோண்டேயும் மட்டும். மகன் லொம்பே சோல்வேசி பக்கம் சுரங்க வேலைக்குப் போனவன், எப்போதாவது போன் பண்ணுவான். பூனைக்குட்டியைக் கொண்டுவந்தது அவன்தான். முதலாளி மாதிரி நடக்கிறான் பார் என்று 'போசி' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

காலையிலும் சாயங்காலமும் கசோண்டே களியில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பாள். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. சன்சாவின் பழைய சுரங்கச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி கப்பெந்தாக் கருவாடு இருக்கும். இயந்திரம் நின்று, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூனை வரும், பைக்குள் மூக்கை நுழைக்கும். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவனே கணக்கு வைத்ததில்லை. பாறைக்கு வெடி வைத்த கை, பெற்ற மகனுக்கு ஒரு வாய் ஊட்டாத கை, பூனைக்கு ஊட்டுகிறது என்று யாராவது பார்த்தால் என்ன ஆவது? கசோண்டேயிடமும் சொல்லவில்லை. அவள் பூனையைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் வக்கிறது கொஞ்சந்தான், எப்பிடித்தான் இப்பிடி ஏறுதோ" என்பாள். அவன் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பான்.

கசாமாவில் இருக்கும் அவளுடைய அக்கா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. துணி மூட்டையோடு பஸ் ஏறும்போது, "லொம்பே அப்பா, நீ சாப்பிடலேன்னாலும் பரவால்ல, போசிய பட்டினி போட்றாத" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

அவள் போன வாரமே எலிகள் சிகாஸ்வேயின் மூட்டைகளைக் கிழித்தன. அவர் வந்து பார்த்தபோது கிழிந்த மூட்டைமேலேயே பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குச் சம்பளம் எவ்வளவு குடுக்கற?" என்றார். "திங்கக்கிழம மருந்து வாங்கியாறேன். மூலைக்கு மூல வச்சிரு."

"மருந்து தின்ன எலியப் பூன தின்னா அதுவும் செத்துரும், முதலாளி."

"செத்தா என்ன? எலிதான் பிடிக்கலியே."

"ஒரு வாரம் குடுங்க. பிடிக்க வக்கிறேன்."

எப்படி என்று அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கொழுத்த பூனை ஏன் ஓடும்? பசித்தால் ஓடும். வரிசையில் நின்ற எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். சுரங்கத்தில் ஒரு ஷிப்டு மேலாளும் அதையே சொல்வான், தின்னுட்டு வர்றவன் தூங்குவான், பசியோட வர்றவன்தான் பாறைய ஒடைப்பான் என்று. அவன் முகத்தில் துப்ப வேண்டும் என்று அன்றைக்குச் சன்சாவுக்குத் தோன்றும். வெறும் வயிற்றோடு இறங்கிய நாட்களில் மண்வெட்டியைத் தூக்கக் கையே வராது என்பது அவன் உடம்புக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும், பூனையை மூட்டை அறைக்குள் விட்டு ஒரு கிண்ணம் தண்ணீர் மட்டும் வைத்துக் கதவைச் சாத்தினான். சட்டைப் பையைப் பொத்தான் போட்டு மூடினான்.

முதலில் கதவைப் பிறாண்டிக் கத்தியது. இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே அது கேட்டது, அல்லது கேட்பதாக அவனுக்குத் தோன்றியது. முத்தாலேயின் அம்மா, "என்ன, போசி முதலாளி வேலநிறுத்தமா?" என்று கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். கசோண்டே போன் செய்து முதலில் அக்காவின் இடுப்பைப் பற்றிச் சொன்னாள், பிறகு, "போசி சாப்பிட்டானா?" என்றாள்.

"ம். சாப்ட்டான்."

வியாழன்வாக்கில் சத்தம் நின்றது. வழிக்கு வந்துவிட்டது, இனி வேட்டைக்குக் கிளம்பிவிடும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். எட்டிப் பார்த்தபோது அது மூலையில் சுருண்டிருந்தது. அதன் முன்னாலேயே ஒரு எலி சுவரோரம் நிதானமாக நடந்துபோனது. சனிக்கிழமை மனசு கேட்காமல் ஒரு கப்பெந்தாவை எடுத்து மூக்குக்கு நேராக நீட்டினான். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கோவமா?" என்றான். "இரு, இரு. பசி வந்தா தன்னால திம்ப."

ஞாயிறு கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவன் அதைத் தூக்கி வாசல் வெயிலில் விட்டான். நடக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே எச்சில் வடித்தது. காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. மாவு படிந்திருக்கிறது என்று கட்டைவிரலால் துடைத்தான். போகவில்லை. விரலை எச்சில் பண்ணித் துடைத்தான். பிறகு சட்டை நுனியை நனைத்து அழுத்தித் தேய்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தான். ஈறும் மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். மாவு கண்ணுக்குள்ளே போய் ஒட்டாதே என்று நினைத்தபோதுதான் அது நோய் என்று அவனுக்குப் புரிந்தது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறதோ. இந்த மஞ்சளுக்கு நடுவில் எந்த மஞ்சளை அவன் பார்த்தான்?

மறுநாள் மில்லைத் திறக்கவில்லை. கூடையில் வைத்து அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். ஆடுகளோடும் கோழிகளோடும் உட்கார்ந்திருந்தவர்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்து, பூனைக்கெல்லாமா, அதுவும் இந்த வருஷத்தில், என்பதுபோல் முகத்தைத் திருப்பினார்கள். டாக்டர் நமுகோலோ சின்ன வயசுப் பெண். முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள்.

"சாப்ட்டு எத்தன நாளாச்சு, அய்யா?"

"தானா நிறுத்திருச்சு, டாக்டர்."

அவள் பூனையின் காதைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் கூடையைப் பார்த்தபடி சொன்னான், "நாந்தான் போடல. எலி பிடிக்கட்டும்னு. ஒரு வாரம்."

"எலும்பும் தோலுமா இருக்கற பூனையே பட்டினி தாங்காது. கொழுத்தது இன்னும் மோசம். சாப்பாடு நின்னா ஒடம்புக் கொழுப்பு பூராவும் ஈரலுக்கு எறங்கி அத அடச்சிரும். அதான் இந்த மஞ்சள். இனி பசியும் எடுக்காது. நாமதான் ஊட்டணும்." ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள், "இவ்வளவு எடை எப்பிடி ஏறுச்சு? யாரு சாப்பாடு வக்கிறது?"

"என் பொண்டாட்டி" என்றான் சன்சா.

அந்தப் பதில் யோசிக்காமலே வந்தது. பழகின பதில்.

அன்றே கசோண்டேக்குப் போன் செய்து பூனைக்கு முடியவில்லை என்றான். பட்டினி போட்டதையும் சொன்னான். அவள் அக்காவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் மீனை வேகவைத்து, முள் எடுத்து, கூழாக மசித்து, ஊசியில்லாத பீச்சுக்குழலில் ஏற்றி, பூனையின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது துப்பியதைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். ஊரே பசித்திருக்கும்போது மீனைப் பூனையின் வாயில் திணிக்கிறோம் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள். சன்சா பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். வேலை நேரத்தில் எலி ஓட்டைகளைத் தேடித் தேடித் தகரம் வைத்து அடித்து, சிமெண்டு பூசினான். முன்னாலேயே செய்திருக்கலாம், ஒரு நாள் வேலைதான். சிகாஸ்வே பார்த்துவிட்டு மருந்துப் பேச்சை விட்டுவிட்டார்.

காது வெளுக்க ஆரம்பித்த பிறகு இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர், கசோண்டேயின் கையை எடுத்துப் பூனையின் விலாவில் வைத்தாள்.

"உங்க பொறங்கையத் தடவுங்கம்மா. எலும்பு தட்டுப்படுதா? பூனையோட விலாவும் அந்த மாதிரி தட்டுப்படணும். இப்ப இவனத் தடவிப் பாருங்க."

கசோண்டே தடவினாள். அழுத்தித் தேடினாள். "இத்தன நாள் கெடந்தும் ஒண்ணும் தட்டலியே, டாக்டர்."

"மேலேருந்து பாத்தா இடுப்பு உள்வாங்கித் தெரியணும். இவன் பூசணிக்கா. இத நீங்க பாசம்னு நெனச்சீங்க. பாசத்துலயே மூட்டு போயிரும், சக்கர வந்துரும். அதுக்காக இப்பவே கொறைக்க வேணாம், மொதல்ல நல்லா திங்கட்டும். அப்பறம் ஒரே டம்ளர்ல அளந்து கொஞ்சங்கொஞ்சமா கொறைங்க. மாசக்கணக்குல எறங்கணும், வாரத்துல இல்ல. உங்க மில் தராசுலயே நிறுத்துக்கங்க. முக்கியமா ஒண்ணு, ஒரே ஆளு மட்டுந்தான் போடணும். நீங்களே கை நெறைய அள்ளி வச்சா நான் சொல்றதுக்கு அர்த்தமில்ல."

"தப்பு என்னோடதுதான், டாக்டர்" என்றாள் கசோண்டே தலை குனிந்தபடி. "வாசல்ல நின்னு கத்துனா எனக்கு மனசு தாங்காது. பையனும் வீட்ல இல்ல."

சன்சா கூடையின் மூடியைக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தாள். அதன் விளிம்பைக் கத்தியால் வழித்துவிட்டுத்தான் தட்டில் கொட்டுவாள். வழித்ததில் ஒட்டியதை விரலில் எடுத்து, பூனை பார்த்துக்கொண்டிருக்க, திரும்பப் பாத்திரத்தில் போடுவாள். சோளம் அரைக்க வந்தவர்கள் கேட்டால், "நாந்தான் ஊட்டி ஊட்டிக் கொல்லப் பாத்தேன்" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். "போனா போவுது விடு, உனக்கும் யாரு இருக்கா" என்றாள் முத்தாலேயின் அம்மா. சன்சா அந்த நேரத்தில் இயந்திரத்தை ஓட்டினான். அரைக்க ஒன்றும் இல்லாதபோதும் ஒருமுறை ஓட்டினான். சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. அவள் தட்டில் மீன் இல்லாததைக் கவனித்த அன்று வாய்வரை வந்தது. "ஒனக்கு?" என்று கேட்டான். "எனக்கு வேணாம்" என்றாள். அதோடு சரி.

முதல் மழை தகரத்தைத் தட்டிப் போன ஒரு சாயங்காலம், மில்லைச் சாத்தும் முன் இரண்டு பேருமாகப் பூனையைத் தராசில் வைத்தார்கள். கசோண்டே குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"எறங்கியிருக்கு. கொஞ்சூண்டு. டாக்டர் சொன்ன மாதிரியேதான்" என்றாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். "வாடா, வா. வந்து தின்னு" என்று அளந்த தட்டைத் தரையில் வைத்தாள்.

பூனை தராசுத் தட்டிலிருந்து இறங்கியது. முன்போல் தொப்பென்று விழாமல் காலூன்றி இறங்கியது. அவள் வைத்த தட்டைத் தாண்டி நடந்தது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த சன்சாவிடம் வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் அவன் தொடையில் ஊன்றி, சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது. பை வாரக்கணக்கில் காலி. பூனை நம்பவில்லை. பொத்தானைக் காலால் தட்டியது, மறுபடியும் நுழைத்தது, அவன் முகத்தைப் பார்த்துக் கத்தியது. சன்சா அதைத் தள்ளிவிடக் கையைத் தூக்கினான். தூக்கிய கை பூனையின் முதுகில் போய் நின்றுவிட்டது.

கசோண்டே எழுந்து வந்தாள். அவன் முன்னால் மண்டியிட்டு, பைக்குள் கையை விட்டு அதை வெளிப்பக்கமாகத் திருப்பினாள். தையலோரத்தில் நாளாக ஆகச் சேர்ந்து கெட்டிப்பட்ட மஞ்சள் மாவுக்குள் கப்பெந்தாவின் தலைகளும் வால்களும் வெள்ளிச் செதில்களும் ஒட்டிக்கிடந்தன. அதை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் கொட்டி, கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கசோண்டே, டாக்டர்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தான்.

பூனை அவள் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது. செதில்களை முதலில், பிறகு மாவை, பிறகு ரேகைகளை. அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.