அரைத் திருகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என் மாமனார் என் வண்டியை நடையின் நடுவில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கர அச்சின் நட்டைத் தளர்த்திவிட்டார். அந்த நடை ஹேண்டில்பாரைவிட ஒரு சாண்தான் அகலம். வண்டி அங்கே நின்றால் பூனைகூட ஒருக்களித்துத்தான் தெருவுக்குப் போக முடியும். எனக்கோ பதினொரு மணிக்குள் போயே ஆக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

வீடு மாமனாருடையது. கல்யாணமான புதிதில், "நான் ஒண்டிக்கட்டையா கெடக்கேன், ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார். மூன்று வருஷம் ஆகிறது. வீட்டோடு மாப்பிள்ளை என்று கடையில் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எனக்கு முன்னால் எழுந்து எனக்கு வெந்நீர் வைக்கிற மனிதர். நான் எந்தச் சட்டை போடுகிறேன், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறேன், ஏன் இன்றைக்கு ஒரு கரண்டி குறைவாகச் சாப்பிட்டேன், எல்லாவற்றிலும் அவருக்கு அக்கறை. அந்த அக்கறையில்தான் எனக்கு மூச்சு முட்டும். நானும் என் மனைவியும் மூன்று வருஷமாகக் குசுகுசுவென்றுதான் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சண்டை போட எங்களுக்கென்று ஒரு வீடு வேண்டியிருந்தது.

அது கிடைத்தும் விட்டது. ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஒரு தையல்காரர் தன் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டார். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வரைக்கும் உங்களுக்காக சாவியை வெச்சிருப்பேன் சார். அதுக்கப்புறம் வேற குடும்பம் வருது" என்று கறாராகச் சொல்லியிருந்தார். என் மனைவி திரைத்துணிக்கு மனசுக்குள் அளவே எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"அப்பாகிட்ட நான் சொன்னா, மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்தாரான்னு கேப்பாரு. நீங்களே சொல்லிடுங்க."

ஒரு வாரமாக அதைத் தொண்டை வரை கொண்டுவந்து மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். "வண்டி இருக்கும்போது ஏன் பஸ்சு?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் அங்கே மூன்று வருஷம் இருந்திருக்க மாட்டான்.

செயின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாமனார் மாவு மில்லில் முப்பத்திரண்டு வருஷம் பெல்ட் பார்த்தவர். பெல்ட் தொங்கினால் வழுக்கும், அதனால் விறைப்பாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தையே என் வண்டிச் செயினுக்கும் போட்டுவிட்டார். ஞாயிறு தவறாமல், பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இருக்கிற சின்ன நட்டுகளை அரைத் திருகு திருகி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயினைக் கொடிக்கம்பி போல ஆக்கிவிடுவார். செயினுக்கு அது ஆகாது. நடுவில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலமாவது மேலும் கீழும் ஆட வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் அது இன்னும் இறுகும். ஆட இடமில்லாத செயின் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். எதை எவ்வளவு இறுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் "மாமா, இது தப்பு" என்று சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்த ஸ்பேனர்களை எடுத்து, அதே அரைத் திருகைத் திருப்பி விடுவேன். அதில் எனக்குச் சாமர்த்தியசாலி என்ற நினைப்பு வேறு. அடுத்த ஞாயிறு அவர் செயினைத் தொட்டுப் பார்த்து, "பாத்தீங்களா, ஒரே வாரத்துல தொங்கிப்போச்சு. நான் இல்லைன்னா இந்த வண்டி கதி என்ன?" என்பார். முகமெல்லாம் மலர்ந்திருக்கும். நான் தலையாட்டுவேன்.

அன்றைக்கு இடது பக்க நட்டு பிடிக்கவில்லை. ஸ்பேனரோடு சேர்ந்து நட்டும் சும்மா சுற்றியது.

"மரை போயிருச்சு" என்றார்.

மணி பத்து ஐந்து. "விடுங்க மாமா, அச்சை மட்டும் டைட் பண்ணுங்க, நான் கெளம்பறேன்."

"ஒரு பக்கம் பிடிமானம் இல்லாத வண்டியிலயா? அவ்வளவு அவசரமா எங்க?"

"சும்மா. பெட்ரோல் போட."

"நேத்துதானே ரொப்புனீங்க?"

என் மனைவி தோளில் பையோடு கூடத்து வாசலில் நின்றிருந்தாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று அவள் கண் என்னைப் பிடுங்கியது. மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சக்கரத்தின் பக்கம் குனிந்தார். அங்கே சக்கரம் எவ்வளவு பின்னால் வந்திருக்கிறது என்று காட்டும் கோடுகள் இருக்கும். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"ஒண்ணு புரியல மாப்பிள்ளை. வாரத்துக்கு அரைத் திருகு. மூணு வருஷம். சக்கரம் இந்நேரம் வண்டியை விட்டே வெளிய வந்திருக்கணும். ஆனா மொத நாள் பாத்த அதே கோட்டுலதான் நிக்குது."

"நான்தான் மாமா. திங்கக்கெழமை திருப்பி விட்டுடுவேன்."

"எந்தத் திங்கக்கெழமை?"

"எல்லாத் திங்கக்கெழமையும்."

அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு பெல்ட் தெரியும், செயின் தெரியாது. சொன்னா கேட்டுக்க மாட்டேனா? மூணு வருஷமா ஒரு பைத்தியக்காரனை உக்கார வெச்சுத் திருக விட்டிருக்கீங்க."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"இப்ப படலையா?"

அவரே எழுந்து போய், பழைய பால்பவுடர் டப்பாவிலிருந்து அதே அளவில் ஒரு நட்டைத் தேடி எடுத்துவந்தார். "எவ்வளவு ஆடணும், காட்டுங்க" என்றார். ஸ்டாண்டை எடுத்து என்னை வண்டிமேல் உட்காரச் சொன்னார். செயின் இறுகுவதை விரலால் தொட்டுப் பார்த்து, "அட, ஆமா" என்றார். மறுபடி ஸ்டாண்டு போட்டு, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் குந்தி, கோடுகளைச் சரிபார்த்து, அச்சை முறுக்கி முடித்தோம். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை.

மணி பத்தே முக்கால் ஆகவில்லை. இருபது நிமிஷ வழி, விரட்டினால் பதினைந்து.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வேற ஏதாவது இப்படி எனக்குத் தெரியாம நடந்துட்டு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன்."

மனசாரத்தான் சொன்னார். இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. ஒரே காலையில் அவருக்கு இரண்டாவது அடி எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமாவது ஒன்றாவது. பயம், அவ்வளவுதான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. தையல்காரர்.

"எடுங்க, யாருன்னு பாருங்க" என்றார் மாமனார்.

"சார், கெளம்பிட்டீங்களா? சாவி கையிலயே இருக்கு."

"ராங் நம்பர்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு மாமனாரிடம், "வேற ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

அவர் நிம்மதியாக என் தோளைத் தட்டிவிட்டு, வண்டியைச் சுவரோரம் தள்ளி வழி விட்டார். அந்த வழியில் என் மனைவி நடந்து வந்தாள். என்னைத் தாண்டினாள், அவரையும் தாண்டினாள், வாசலில் செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார்.

"வீடு பாக்கப்பா."

"வீடா? யாருக்கு?"

"எனக்கு."

குரலை அவள் கொஞ்சம்கூடத் தணிக்கவில்லை. பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் திரும்பி, திரும்பிப் பார்க்காமல் போனாள். வண்டி தயாராக நின்றது, சாவி அதிலேயே இருந்தது. மாமனார் தெருவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து துணியை எடுத்து, துடைத்த செயினையே மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.